முதல் கேமிங் கம்ப்யூட்டர்: எதில் சிக்கனம், எதில் கூடாது?

பரீட்சை முடிகிற நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: கையில் இருக்கிற பணத்துக்குள் முதல் கேமிங் கம்ப்யூட்டர். அதனால் பிரின்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். தினமும் இந்த உதிரிபாகங்களோடு இருப்பவன் என்ற முறையில், எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சேர்த்துக்கொள்ள முடிகிற பொருளில் சிக்கனம் பிடியுங்கள். எல்லாவற்றையும் கழற்றினால்தான் மாற்ற முடியும் என்கிற பொருளிலும், கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கெடுக்கிற பொருளிலும் பிடிக்காதீர்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

கேள்வி: 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இதற்குள் வர வேண்டும். வேலரண்ட், ஜி.டி.ஏ. 5 விளையாட வேண்டும். முடிந்தால் சைபர்பங்க் 2077. எங்கள் ஊர்க் கடையில் கொடுத்த கொட்டேஷன் இது: ஐ7 12700எஃப் பிராசசர், எச்610 மதர்போர்டு, 8 ஜி.பி. ராம் ஒன்று, ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு, 1 டி.பி. ஹார்டு டிஸ்க், கலர் ஃபேன் ஆறு வைத்த கண்ணாடி கேபினட், அதோடு சேர்ந்தே வருகிற 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். சரியாக இருக்கிறதா அண்ணா?
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: இதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. ஐ7 என்ற பெயருக்கே பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. விளையாட்டை ஓட்டுகிற பொருளுக்கு மிச்சம் மீதிதான் கிடைத்திருக்கிறது. 12700எஃப் நல்ல பிராசசர், 12 கோர். வீடியோ எடிட்டிங் செய்கிறவர் கேட்டால் நானே அதைச் சொல்வேன். ஆனால் திரையில் ஓடும் படத்தை வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. ஜி.டி.எக்ஸ். 1650 வந்தது 2019-ல், மெமரி 4 ஜி.பி. வேலரண்டுக்குப் போதும். ஜி.டி.ஏ. 5-ஐயும் ஓட்டிவிடும். சைபர்பங்குக்கு அதை உருவாக்கியவர்களே 2023-ல் குறைந்தபட்சத் தேவையை உயர்த்திவிட்டார்கள்: 6 ஜி.பி. ஜி.டி.எக்ஸ். 1060 அளவுக்கு ஒரு கார்டு, 12 ஜி.பி. ராம், கட்டாயம் எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு). உங்கள் கொட்டேஷன் இந்த மூன்றிலுமே தேறவில்லை.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். கடைக்கு வருகிறவர்கள் "ஐ5-ஆ, ஐ7-ஆ" என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அவரும் அதற்கேற்ற மாதிரி லிஸ்ட் போடுகிறார். நீங்கள் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "ஃபுல் எச்.டி. மானிட்டரில் இந்த மூன்று விளையாட்டும் ஓட வேண்டும், கார்டு எது?" என்று ஆரம்பியுங்கள். கேபினட்டுக்குள் போகிற பொருள்களுக்கான பணத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் கார்டுக்கே போகட்டும்.

உங்கள் தொகைக்கு நான் பார்ப்பது ஆர்எக்ஸ் 6600. 8 ஜி.பி. மெமரி, 132 வாட்தான் இழுக்கும், ஃபுல் எச்.டி.க்கு இன்னும் நன்றாகத் தாங்குகிறது. அது கிடைக்காவிட்டால் ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதில் கவனம் வேண்டும். 3050 என்ற அதே பெயரில் 8 ஜி.பி., 6 ஜி.பி. என்று இரண்டு வருகின்றன. குறைவது மெமரி மட்டும் இல்லை. 6 ஜி.பி. கார்டில் உள்ளே வேலை செய்யும் கோர்களும் குறைவு, மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியிருக்கிறது. அதேபோல ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜி.பி.தான் முதலில் வந்தது. பின்னால் வந்த 8 ஜி.பி. கார்டு அதைவிட வேகம் குறைந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரோடு நிற்காமல் ஜி.பி.யையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிராசசர் ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப். இரண்டுமே 6 கோர், 12 திரெட். அந்த வாரம் எது விலை குறைவோ அதை எடுங்கள். ராம் 16 ஜி.பி., ஒற்றைக் குச்சியாக இல்லாமல் 8 ஜி.பி. இரண்டாக. இரண்டு குச்சி போட்டால் மெமரி இரண்டு பாதையில் ஓடும், விளையாட்டில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் 500 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. இடம் போதாமல் போகும், எனக்கும் தெரியும். ஆனால் இரண்டாவது டிஸ்க்கை அடுத்த தீபாவளிக்குக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். கேபினட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போட்டதாக வாங்குங்கள். மே மாதத்தில் உங்கள் அறை 36, 37 டிகிரியில் இருக்கும். கண்ணாடி மூடிய முகப்புக்குப் பின்னால் ஆறு ஃபேன் சுற்றினாலும் இழுக்கக் காற்று வேண்டுமே.

இப்போது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துத் தருகிற பெட்டி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கேபினட்டோடு சேர்ந்து வந்த ஒன்று இதை எழுதும்போது என் மேசையில் இருக்கிறது. ஸ்டிக்கரில் பெரிதாக 500 என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே 16 ஆம்பியர். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். அவ்வளவுதான் இதன் உண்மையான பலம். உங்கள் கொட்டேஷனில் உள்ள 12700எஃப் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெலே சொல்கிறது. 1650 கார்டு 75 வாட். இரண்டும் சேர்ந்தால் 255. விளையாட்டு சூடுபிடிக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து ரீஸ்டார்ட் ஆகும். அதோடு நின்றால் பரவாயில்லை. தரமில்லாத எஸ்.எம்.பி.எஸ். போகும்போது போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மகன் பார்ட் டைம் வேலைக்குப் போய் வாங்கிய கார்டு இது, ஏதாவது செய்ய முடியுமா என்று அப்பாக்கள் வந்து நிற்கும்போது பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்திறன் சான்று உள்ள 550 வாட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 40 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மானிட்டர் 24 இன்ச், ஐ.பி.எஸ்., 100 ஹெர்ட்ஸ் போதும். மொத்தம் 60,000-ஐத் தாண்டினால் எதைக் குறைப்பது? பிராசசரை ஐ3 12100எஃப் ஆக்குங்கள். 4 கோர்தான், ஆனால் இந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும். அதே சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பின்னால் ஐ5 போட்டுக்கொள்ளலாம். கீபோர்டு, மவுஸ் சாதாரணமாக இருக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். அப்புறம், விண்டோஸ் லைசென்சுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். காசில்லாமல் லினக்ஸ் போட்டும் நிறைய விளையாடலாம், ஆனால் வேலரண்ட் அதில் ஓடாது.

கேள்வி: ஏ.எம்.4 சாக்கெட் பழசாகிவிட்டது, வாங்கினால் ஏ.எம்.5 தான் வாங்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். என் பட்ஜெட் 70,000, மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. என்ன செய்யலாம்?
– தனியார் நிறுவன ஊழியர், கோவை

பதில்: அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஏ.எம்.4, ஏ.எம்.5 இரண்டும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசசர்கள் உட்காரும் சாக்கெட்டுகள். ஏ.எம்.4-ல் ரைசன் வந்தது 2017-ல். ஏ.எம்.5 வந்தது 2022-ல். 2027 வரையாவது ஏ.எம்.5-க்குப் புதிய பிராசசர்கள் தருவோம் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. இன்று ஒரு சாதாரண பிராசசர் போட்டு, சில ஆண்டு கழித்து போர்டை மாற்றாமல் பெரியது போடலாம். முதலில் சொன்ன கணக்குப்படி பார்த்தால் இது சரியான வழிதான்.

தடையாக இருப்பது ராம். ஏ.எம்.4-ல் போடுவது டி.டி.ஆர்.4 ராம். ஏ.எம்.5 போர்டுகளில் அதற்கு அடுத்த தலைமுறையான டி.டி.ஆர்.5 மட்டுமே பொருந்தும். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை கடுமையாக ஏறிவிட்டது. மெமரி சிப் தயாரிப்பவர்கள் ஏ.ஐ. சர்வர்களுக்கான சரக்கின் பக்கம் திரும்பிவிட்டார்கள். குரூஷியல் என்ற பெயரில் நம் கடைகளுக்கெல்லாம் ராமும் எஸ்.எஸ்.டி.யும் தந்துகொண்டிருந்த மைக்ரான், சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் போர்டு விலையை மட்டும் பார்க்காமல் போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஏ.எம்.5-க்குப் போவதால் கார்டில் ஒரு படி இறங்க வேண்டி வந்தால் நான் ஏ.எம்.4-லேயே நிற்பேன். உங்களிடமோ வீட்டிலோ பழைய டி.டி.ஆர்.4 ராம் நல்ல நிலையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏ.எம்.4-ஐ எடுத்துவிட்டு மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். கார்டில் இறங்காமலே முடிகிறதென்றால் ஏ.எம்.5 எடுங்கள். ராம் இப்போதைக்கு ஒரே 16 ஜி.பி. குச்சியாக வாங்கி, விலை இறங்கும்போது இன்னொன்று சேர்க்கலாம். தேனித் தம்பிக்கு இரண்டு குச்சி சொல்லிவிட்டு உங்களுக்கு ஒன்று சொல்வது முரணாகத் தெரியலாம். டி.டி.ஆர்.5-ல் ஒரு குச்சியிலேயே உள்ளுக்குள் இரண்டு சின்னப் பாதைகள் உண்டு, அடி கொஞ்சம் குறைவாகத்தான் விழும். அதோடு உங்களுக்கு விரிவாக்க இடம் முக்கியம். நான்கு ராம் இடம் உள்ள போர்டாகப் பாருங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். எங்களால் 35,000-க்கு மேல் முடியாது. படிப்புக்கும் உதவ வேண்டும், கரண்ட் பில்லும் பயமாக இருக்கிறது. வாங்கித் தரலாமா ஐயா?
– ஒரு தாய், விழுப்புரம்

பதில்: தரலாம் அம்மா. இந்தத் தொகைக்குள் இப்போது நல்ல கார்டு வராது. கார்டு என்று போட்டுக் கொடுத்தால் ஜி.டி. 710, ஜி.டி. 730 போல எதையாவதுதான் வைப்பார்கள். அவை திரைக்குப் படம் அனுப்ப மட்டுமே ஆகும், விளையாட்டுக்கு ஆகாது. அதனால் இப்போதைக்குக் கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி என்ற பிராசசரைக் கேளுங்கள். கடைசியில் உள்ள ஜி முக்கியம். அதற்குள்ளேயே ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் இருக்கிறது. ஜி இல்லாத வெறும் 5600-ல் அது கிடையாது, கார்டு போடாவிட்டால் திரையில் எதுவுமே வராது. 5600ஜி-யில் வேலரண்ட் போன்றவை தாராளமாக ஓடும். கொஞ்சம் பழைய விளையாட்டுகளும் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும். பைத்தான், சி நிரல் எழுதவும் பாடங்களுக்கும் இது போதும், காலேஜ் வரைக்கும் தாங்கும்.

ஒரு நிபந்தனை. இந்தப் பிராசசருக்குத் தனி கிராஃபிக்ஸ் மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் ராம் கட்டாயம் இரண்டு குச்சி, 8-ம் 8-ம். பட்ஜெட் இடிக்கும் என்றால் 4-ம் 4-ம் வாங்கி வீணாக்காதீர்கள். 8 ஒன்று வாங்கி, அடுத்த மாதம் இன்னொரு 8 போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் இப்போதே 550 வாட் நல்லதாக வாங்கிவிடுங்கள். பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் எடுத்தால் கார்டு என்று மகனிடம் சொல்லலாம். அன்றைக்கு வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது, கார்டைச் சொருகினால் முடிந்தது.

கரண்ட் விஷயம். கார்டு இல்லாத இந்த கம்ப்யூட்டர், மானிட்டரோடு சேர்த்து, விளையாடும்போது ஏறக்குறைய 125 வாட் எடுக்கும் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 15 யூனிட் கூடும். கார்டு போட்டபின் இது இரண்டு மடங்கு ஆகும். உங்கள் வீட்டு ரீடிங் 500 யூனிட்டை ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கான கட்டணமும் மாறிவிடும், அந்தச் சில யூனிட்டுக்காகப் பெரிய தொகை கூடும்.

கேள்வி: நான்காம் தலைமுறை ஐ5 உள்ள பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் குறைந்த விலைக்கு வருகிறது. அதில் கார்டு போட்டு வேலரண்ட் விளையாடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சில ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள் என்றிருப்பேன். இப்போது நிலைமை வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். ஏதோ வழியில் 11-ஐ ஏற்றிவிட்டாலும் ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் வேலரண்டின் கண்காணிப்பு மென்பொருள் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் உள்ளே விடாது. விண்டோஸ் 10-ல் இன்று ஓடலாம், ஆனால் பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் பேங்க் வேலையும் பார்ப்பீர்கள் அல்லவா?

உள்ளேயும் ஒரு சிக்கல் உண்டு. டெல் ஆப்டிபிளெக்ஸ் வரிசையில் அந்தக் காலத்து மாடல்களில் போர்டுக்குப் போகும் பவர் கேபிள் வழக்கமான 24 பின் இல்லை, 8 பின். கடையில் விற்கும் எஸ்.எம்.பி.எஸ். நேரடியாகப் பொருந்தாது. சின்ன கேபினட் மாடல் என்றால் முழு உயரக் கார்டும் உள்ளே போகாது. எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர், அதுவும் பெரிய டவர் வகை, கிடைத்தால் எழுதுங்கள். அதில் பவர் கேபிள் சொருகத் தேவையில்லாத 75 வாட் கார்டு ஒன்றைப் போட்டு நன்றாகவே விளையாடலாம்.

கேள்வி: கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. புது எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் போகவில்லை. இன்னொன்று, பக்கத்திலேயே பனியன் கம்பெனி. உள்ளே பஞ்சு அடைத்துக்கொள்கிறது. 
– வாசகர், திருப்பூர்

பதில்: எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கோளாறு இல்லை, உங்கள் வீட்டு எர்த்தில்தான் கோளாறு. ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் கரண்ட் உள்ளே வரும் இடத்தில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து உடல் தகட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு. மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடத்தான் அவை. எர்த் இல்லாத வீட்டில் அந்த இரைச்சலுக்குப் போக வழி கிடையாது. தகடு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் புதிது போட்டாலும் அதேதான். ஓடுகிற கரண்ட் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனாலும் அப்படியே விட்டு வைக்காதீர்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகும்போது அந்த வோல்ட்டேஜ் கார்டின் போர்ட்டையும் டி.வி.யின் போர்ட்டையும் அடித்துவிடலாம்.

எலெக்ட்ரீஷியனை அழைத்து, அந்த பிளக் பாயிண்ட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் எர்த் ஒயர் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது எர்த் குழி காய்ந்துவிட்டது. சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே இணைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பார்கள். ஒருபோதும் விடாதீர்கள். நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் கேபினட் முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும், அது உயிருக்கே ஆபத்து. எர்த் சரியாகும்வரை குழந்தைகளை அந்த கம்ப்யூட்டரைத் தொட விடாதீர்கள்.

பஞ்சைப் பற்றி. உங்கள் ஊர்ப் பக்கமிருந்து வரும் கம்ப்யூட்டர்களைத் திறந்தால் பிராசசர் ஹீட்சிங்க்கின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு துணியே நெய்து வைத்த மாதிரி படிந்திருக்கும். ஃபேனை எடுத்தால் அந்தப் பஞ்சு அப்பளம் போல முழுதாகவே கையோடு வரும். அதற்குக் கீழே தகடுகள் புத்தம் புதிதாக இருக்கும், காற்றுதான் போயிருக்காது. முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய வலை ஃபில்டர் உள்ள கேபினட்டாக வாங்குங்கள். உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுவதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் இடுக்கு வழியாகப் பஞ்சு நுழைவது குறையும். வாரம் ஒருமுறை அந்த வலையைத் தட்டுங்கள். புளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

கேள்வி: யு.பி.எஸ். அவசியமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.
– வாசகர், வேதாரண்யம்

பதில்: இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ். மோடு, சாதாரண மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். யு.பி.எஸ். மோடில் மாறும் நேரம் குறைவு, பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அணையாது. இல்லாவிட்டால் தனி யு.பி.எஸ். வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. என்பது ஏறக்குறைய 360 வாட்தான். முதல் பதிலில் சொன்ன கம்ப்யூட்டரும் மானிட்டரும் அதற்குள் அடங்கும், பெரிய கார்டு என்றால் 1000 வி.ஏ. பக்கம் போக வேண்டும். சேவ் செய்து நிறுத்த ஐந்து நிமிடம் கிடைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரில் வாங்குவதா, ஆன்லைனா? பழைய கார்டு வாங்கலாமா?
– ஐ.டி.ஐ. மாணவர், தாம்பரம்

பதில்: இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நேரில் போகாமல் இருக்காதீர்கள் தம்பி. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அந்த வார ஆன்லைன் விலையை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, நாலு கடையில் ஒரே லிஸ்ட்டைக் கொடுத்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கடையில் எடுப்பதாகச் சொன்னால் விலையும் இறங்கும், ஏதாவது பொருந்தாவிட்டால் அவர்களே பார்த்துத் தருவார்கள். ஆன்லைனில் பத்து ரூபாய் குறைவாக வாங்கிய கார்டு வேலை செய்யாதபோது "போர்டு பிரச்சினை, போர்டுகாரரைக் கேளுங்கள்" என்பார்கள், போர்டுகாரர் கார்டைக் கைகாட்டுவார்.

"பில் வேண்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டும் என்றே சொல்லுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்று ஆசையாக இருக்கும். ஆனால் பில் இல்லாவிட்டால் கார்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் உள்ள சில ஆண்டு வாரண்டியைக் கேட்டுப் போய் நிற்க இடம் இருக்காது. பெட்டியில் உள்ள சீரியல் நம்பர் பில்லிலும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று ஒப்பிடுங்கள்.

பழைய கார்டு வாங்கலாம், ஓட விட்டுப் பார்த்தபின். எத்தீரியம் என்ற டிஜிட்டல் காயினைக் கார்டு வைத்துச் சம்பாதிக்கும் மைனிங் வேலை 2022 செப்டம்பரோடு முடிந்தது. அப்போது இரவு பகலாக ஓடிய கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஓடியதாலேயே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபேன் பேரிங்கும் மெமரியின் மேல் உள்ள தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும். கால் மணி நேரம் கனமான ஒரு விளையாட்டை ஓட விட்டு, திரையில் புள்ளி, கோடு, மின்னல் வருகிறதா பாருங்கள். ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய சிப்பின் மேல் ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்கும் போலிகளை அது கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பவற்றில் ஷேடர் (கார்டுக்குள் வேலை செய்யும் சின்னக் கோர்கள்) எண்ணிக்கையைப் பாருங்கள். அசல் 580-ல் 2304, பெயரை மட்டும் வைத்துக்கொண்ட இன்னொன்றில் 2048. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

கேள்வி: நானே அசெம்பிள் செய்ய ஆசை. பயமாகவும் இருக்கிறது.
– வாசகி, சேலம்

பதில்: ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் சகோதரி. பிராசசரை வைக்கிற அந்த ஒரு நிமிடம் மட்டும் அவசரப்படாமல் இருந்தால் போதும். ஏ.எம்.4 பிராசசரில் பின்கள் அதன் அடியிலேயே இருக்கும். ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம், சாக்கெட்டிலும் அதே மூலையில் ஒரு முக்கோணம். இரண்டையும் பொருத்தி வைத்தால் தானாக உள்ளே விழும். அழுத்தவே கூடாது. 5600-ஓடு வரும் கூலரின் அடியில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், விரல் படாமல் வையுங்கள். நான்கு ஸ்குரூக்களையும் ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். என்றைக்காவது கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விட்டுச் சூடேற்றி, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூவை எடுத்தபின் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள்.

நான்கு ராம் இடம் இருந்தால் இரண்டு குச்சியை, பிராசசரிலிருந்து எண்ணி, இரண்டாவது நான்காவது இடத்தில் போடுங்கள். எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் பூட்டுவதற்கு முன், போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். ஏதாவது வேலை செய்யாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய 60 ஹெர்ட்ஸுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. விண்டோஸ் பல நேரம் 60-லேயே வைத்துவிடும். டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற இடத்துக்குப் போய் 144-ஐத் தேர்ந்தெடுங்கள். அங்கே 144 என்றே வராவிட்டால் கம்ப்யூட்டரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் சொருகியிருந்தால், கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். டிஸ்பிளேபோர்ட் கேபிள் பெட்டியில் இருந்தால் எச்.டி.எம்.ஐ.-க்குப் பதில் அதையே பயன்படுத்துங்கள்.